பதினைந்து புளோக்கில் மூன்று பிள்ளைகள்

சென்ற மாதம் அம்மா வீடு மாறினார். தோ பாயோவில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்த நாலறை வீட்டிலிருந்து ஈரறை ஃபிளெக்ஸி வீட்டுக்கு. நாலறைச் சாமானை ஈரறைக்குள் அடைக்க முடியாது. அதனால் இரண்டு வாரயிறுதிகள் கூடத்தில் உட்கார்ந்து எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்தோம். வேண்டாம் என்ற பக்கம் மலையாகக் குவிந்தது. கரங்குனிக்காரர் மின்தூக்கி அருகே தள்ளுவண்டியுடன் காத்திருந்தார்.

ஸ்டோர் ரூம் மேல்தட்டில் ஒரு கோங் குவான் பிஸ்கட் டின் இருந்தது. "ஊசி நூல் இருக்கும், எடுத்து வை" என்றார் அம்மா. நம் வீடுகளில் பிஸ்கட் டின்னுக்குள் பிஸ்கட் இருந்ததாக வரலாறே இல்லை. இதில் ஊசி நூலும் இல்லை. வயர் சுற்றிய இரண்டு கன்ட்ரோலர்கள், மஞ்சள் சிவப்பு வெள்ளை முனைகள் கொண்ட டிவி வயர், அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் அட்டை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது, தட்டை. அதன்மேல் அண்ணன் கையெழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: 'தொட்டால் தொலைந்தாய்.'

தொட்டவன் நான். 1999ல்.

இருபது வயதுக்குக் குறைந்த வாசகர்களுக்கு அந்த அட்டை என்னவென்று சொல்ல வேண்டும். அது சோனி பிளேஸ்டேஷனின் மெமரி கார்டு. 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்து, உலகம் முழுவதும் பத்துக் கோடிக்கும் மேல் விற்ற முதல் பிளேஸ்டேஷன். அதற்குள் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஆட்டம் குறுவட்டில் இருக்கும். குறுவட்டிலிருந்து படிக்கலாம், அதில் எழுத முடியாது. நீங்கள் மூன்று வாரம் விளையாடி எங்கே வந்து நிற்கிறீர்கள் என்பதை நினைவில் வைக்கக் கருவிக்கு வேறு வழியே இல்லை. அதற்காகத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிச் செருக வேண்டியதுதான் இந்த அட்டை.

அட்டை இல்லாத முதல் சில வாரங்களில் நாங்கள் செய்தது எல்லா வீட்டுப் பிள்ளைகளும் செய்ததுதான். ஆட்டத்தை நிறுத்திவைத்து, டிவியை மட்டும் அணைத்துவிட்டு, கருவியை இரவெல்லாம் ஓடவிட்டோம். அதன்மேல் 'அணைக்காதீர்கள்' என்று ஒரு தாள். பியூபி பில்லைப் பற்றிய கவலை எப்போதும் உள்ள அம்மா, படுக்கப் போகுமுன் சுவரிலிருக்கும் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார். மூன்றாவது இரவு அண்ணன் அழுதார். நான்காவது நாள் அப்பா மெமரி கார்டு வாங்கி வந்தார்.

அப்பா பிளேஸ்டேஷன் வாங்கச் சம்மதித்ததே ஒரு தனிக்கதை. உலகில் பெரும்பாலோர் பார்த்தது சாம்பல் நிறக் கருவி. எங்கள் வீட்டுக்கு 1998ல் வந்தது வெள்ளை. ஆசியச் சந்தைக்கென்றே சோனி விற்ற எஸ்சிபிஎச்-5903 என்ற மாடல். அதன் சிறப்பு, அது விசிடியும் ஓட்டும். மேற்கு நாடுகளில் விசிடி பெரிதாக எடுபடவில்லை. இங்கேயோ சிராங்கூன் சாலையில் எந்தக் கடையில் நுழைந்தாலும் தமிழ்ப்பட விசிடிகள் தட்டு தட்டாக அடுக்கியிருக்கும். "இதுலயே படமும் பாக்கலாம், தனியா பிளேயர் வேண்டாம்" என்று அண்ணன் போட்ட கணக்கில் அப்பா விழுந்தார். 'படையப்பா' வந்த 1999ல், அந்தப் படத்தை நாங்கள் வீட்டில் பார்த்தது பிளேஸ்டேஷனில்தான். பாதிப் படத்தில் எழுந்து குறுவட்டை மாற்றுவது என் வேலை. அது முடியும்வரை ஆட்டம் கிடையாது. வீட்டின் ஒரே டிவி, ஒரே கருவி, ஒரே அட்டை.

அந்த அட்டையின் அளவு 128 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் 'காலை வணக்கம்' பூப்படம் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. அந்த 128 கிலோபைட்டை சோனி, தலா எட்டு கிலோபைட் கொண்ட 16 பகுதிகளாகப் பிரித்தது. பகுதிகளுக்கு வைத்த பெயர் புளோக். முதல் புளோக்கைக் கருவி தனக்கென வைத்துக்கொள்ளும். மீதம் 15 நமக்கு.

புளோக் என்றால் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆக, எங்களுக்கு 15 புளோக் கொண்ட ஒரு பேட்டை கிடைத்தது, குடியேற மூன்று பேர். அண்ணனுக்கு எட்டு, எனக்கு நான்கு, அக்காவுக்கு மூன்று என்று அண்ணனே ஒதுக்கீடு செய்தார். மேல்முறையீட்டுக்கு இடமில்லை. ஒரு சேவுக்கு ஒரு புளோக் கேட்கும் ஆட்டங்களும் உண்டு, பல புளோக்குகளை ஒன்றாக விழுங்கும் ஆட்டங்களும் உண்டு. ஒவ்வொரு சேவுக்கும் திரையில் 16-க்கு 16 புள்ளிகளில் ஒரு குட்டிப் படம் ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் குட்டிப் படங்களைப் பார்த்தாலே யார் வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

அண்ணனின் எட்டில் பெரும்பகுதி 'ஃபைனல் ஃபேன்டசி 7'. ஸ்குவேர் நிறுவனம் 1997ல் வெளியிட்ட ஆட்டம், மூன்று குறுவட்டுகள். ஒரு சேவ் ஒரு புளோக். சேவின் தலைப்பிலேயே எத்தனை மணி நேரம், எத்தனை நிமிடம் விளையாடியிருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கும். அண்ணன் அதை ஒரு பரீட்சை மதிப்பெண்போலப் பார்ப்பார். முதல் குறுவட்டின் முடிவில் முக்கியப் பெண் பாத்திரம் ஒருவர் கொல்லப்படுவார். அன்றிரவு அண்ணன் சாப்பிடாமல் படுத்தது எனக்கு நினைவிருக்கிறது. பல்லாங்குழி வயதில் இருந்த எனக்கு அது ஏன் என்று புரியவில்லை.

என் நான்கு புளோக்கும் காற்பந்துக்கு. அந்தக் காலத்துச் சிங்கப்பூர்ப் பையன்கள் 'வின்னிங் இலெவன்' ஆடாமல் வளர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. மெனு முழுக்க ஜப்பானிய மொழி. ஓர் எழுத்துகூடத் தெரியாது. மூன்றாவது வரி லீக், அதற்குள் இரண்டாவது வரி சேவ் என்று இடத்தை வைத்தே மனப்பாடம். இன்றும் என் விரல்களுக்கு அந்தப் பாதை தெரியும்.

அக்கா தன் மூன்றை யாருக்கும் கொடுக்க மாட்டார். பயன்படுத்தவும் மாட்டார். ஒரே ஒரு முறை அண்ணன் ஆடிய 'மெட்டல் கியர் சாலிட்' ஆட்டத்தை அருகில் உட்கார்ந்து பார்த்துப் பயந்துபோனார். அதில் மனத்தைப் படிக்கும் வில்லன் ஒருவன் வருவான். 'உனக்கு இன்ன ஆட்டம் பிடிக்கும்தானே' என்று திரையிலிருந்து சொல்வான். அவன் படிப்பது நம் மனத்தை அல்ல. மெமரி கார்டைத் துழாவி, அதே நிறுவனத்தின் வேறு ஆட்டங்கள் சேமிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிறான். கன்ட்ரோலரைப் பிடுங்கி இரண்டாவது துளையில் செருகினால் அவனால் நம் அசைவைப் படிக்க முடியாது. ஆட்டம் செய்பவர்கள் அட்டையை ஒரு கதாபாத்திரமாகவே ஆக்கிய தருணம் அது.

இனி 1999க்கு வருகிறேன். அண்ணனுக்குத் தேசிய சேவை. புலாவ் தேக்கோங்குக்குப் படகேறுமுன், கடைசிச் சண்டைக்குச் சற்று முன்னால் ஆட்டத்தைச் சேமித்துவிட்டுப் போனார். "முதல் புக்-அவுட்ல வந்து முடிச்சிடுவேன்" என்றார். அந்த இடைவெளியில் என் லீக் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. என் நான்கு புளோக்கில் சேமிக்க இடமில்லை. எனக்குப் பதினோரு வயது. அண்ணனிடம் எட்டு இருந்தது, அதுவும் ஒரே ஆட்டத்துக்கு. ஒரே மாதிரி குட்டிப் படங்கள், எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன். மூன்றை அழித்தேன்.

தலை மழித்து, நிறம் கறுத்து வீடு வந்த அண்ணன், குளித்துச் சாப்பிட்டுவிட்டு கருவியைப் போட்டார். அட்டையைத் திறந்து பார்த்தார். என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் தூங்கப் போனார். அதன்பின் அவர் எந்த ஆட்டத்தையும் தொட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டு எனக்கு பிஎஸ்எல்இ. அப்பா கருவியைக் கட்டிப் பரணில் போட்டார். அட்டை டின்னுக்குள் போனது.

பேட்டரி என்னும் காலக்கெடு

மெமரி கார்டுக்கு முன்னால் சேமிப்பு எப்படி நடந்தது என்று என் மகள் கேட்டாள். பேனாவும் காகிதமும்தான். 1983ல் வந்த நின்டெண்டோவின் ஃபாமிகாமில் பல ஆட்டங்கள் கடைசியில் ஒரு கடவுச்சொல்லைக் காட்டும். அதை எழுதி வைத்து மறுநாள் அப்படியே தட்ட வேண்டும். 1987ல் ஜப்பானில் வந்த 'டிராகன் குவெஸ்ட் 2' ஆட்டத்தில் அது 52 எழுத்துகள் வரை நீளும். ஓர் எழுத்து தவறினால் எல்லாம் போச்சு. அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த 'லெஜண்ட் ஆஃப் செல்டா' கேட்ரிட்ஜுக்குள் ஒரு பட்டன் பேட்டரியை வைத்து விற்றார்கள். கருவியை அணைக்கும்போது ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் சேவ் கெட்டுப்போகலாம் என்று எச்சரிக்கையும் இருந்தது. கழற்றி எடுத்துக்கொண்டு போகும் அட்டையை வீட்டுக் கருவிக்கு முதலில் கொண்டுவந்தது 1990ன் நியோ ஜியோ. வீட்டில் பாதி ஆடிவிட்டு அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ஆர்கேடில் போய் மீதியை ஆடலாம். அளவு இரண்டே கிலோபைட்.

இந்தப் பேட்டரிதான் இன்று வீட்டில் பழைய கருவி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. ஏனென்றால் எல்லா அட்டையும் ஒன்றல்ல.

பிளேஸ்டேஷன் அட்டைக்குள் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். மின்சாரம் இல்லாமலே எழுதியதைப் பிடித்து வைக்கும். இன்றைய தம்ப் டிரைவ், கைப்பேசி எல்லாவற்றுக்கும் அதே குடும்பம்தான். தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1980களில் கண்டுபிடித்தது. நின்டெண்டோ 64-ன் கன்ட்ரோலர் பாக் அப்படி அல்ல. கன்ட்ரோலருக்கு அடியில் செருகும் அந்தப் பெட்டிக்குள் 32 கிலோபைட், அதைத் தாங்கிப் பிடிக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி ஒன்று. கைக்கடிகாரம் நின்றால் மணி தெரியாது, அவ்வளவுதான். இந்தப் பேட்டரி நின்றால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். 1990களின் பிற்பகுதியில் வாங்கிய பேட்டரி இன்னும் உயிரோடிருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். அந்த 32 கிலோபைட்டை 123 பக்கங்களாகப் பிரித்திருந்தார்கள். 'மாரியோ கார்ட் 64'-ல் நீங்கள் ஓட்டிய ஒரு சுற்றின் நிழலைச் சேமிக்க அதில் 121 பக்கங்கள் வேண்டும். வீடு முழுக்க ஒருவரே படுத்துக்கொள்வதுபோல.

சேகா சாட்டர்ன் கருவியில் சேமிப்பு கருவிக்குள்ளேயே, அதே அளவு, அதே வகைப் பேட்டரி. பேட்டரி தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை போடும்போதும் மொழியும் தேதியும் கேட்கும். அப்படிக் கேட்டால் சேவ் ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். ட்ரீம்காஸ்டின் விஎம்யு இன்னொரு ரகம். குட்டித் திரையும் பொத்தான்களும் கொண்ட அட்டை, தனியாகவே கைக்குள் வைத்து ஆடலாம். அதற்கு இரண்டு பட்டன் பேட்டரி. அவை தீர்ந்திருந்தால் கருவியைப் போட்டதும் காதைக் கிழிக்கும் ஒரு 'பீப்'. ஆனால் பயப்பட வேண்டாம், அதன் சேவ்கள் ஃபிளாஷில் இருப்பதால் பேட்டரி போனாலும் அழியாது.

ஆக, கன்ட்ரோலர் பாக் வைத்திருப்பவர் "பேட்டரியை மாற்றிவிடுவோம்" என்று முதலில் கழற்றினால் அதுவே கொலை. முதலில் நகல், பிறகுதான் பேட்டரி. அந்தப் பேட்டரி தகடு வைத்து ஒட்டப்பட்டது, மாற்றச் சால்டரிங் வேண்டும். சாட்டர்னில் பின்பக்க மூடியைத் திறந்து கையாலேயே மாற்றிவிடலாம்.

பிளேஸ்டேஷன் அட்டைக்கு இந்த அவசரம் இல்லை, ஆனால் நிரந்தரமும் இல்லை. ஃபிளாஷில் எழுத்து என்பது சிறைப்பட்ட மின்னூட்டம். அது ஆண்டுக்கு ஆண்டு மெதுவாகக் கசியும். எங்கள் அட்டை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஸ்டோர் ரூம் வெக்கையில் கிடந்தது. நம் ஊர் ஈரப்பதத்தில் செப்பு முனைகள் பச்சை பூத்திருக்கும் என்றே நினைத்தேன்.

தேக்காவிலிருந்து நடந்தால்

முன்பென்றால் இந்த மாதிரிச் சாமானுக்கு நேராக சுங்கை ரோடு போயிருப்பேன். 1930களில் தொடங்கி, திருட்டுச் சந்தை என்றே பெயரெடுத்த அந்தத் தெருச் சந்தையில் தரையில் விரித்த தார்ப்பாய்மேல் ஒற்றைச் செருப்பு, பழைய நாணயம், ரிமோட் கன்ட்ரோல், கேட்ரிட்ஜ் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்க வந்த அப்பா, பையை என்னிடம் கொடுத்துவிட்டு அங்கே ஒரு சுற்று வருவார். 2017 ஜூலை 10ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அருகிலேயே ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையம் திறந்தது. போவதற்கு வசதி வந்தபோது போக வேண்டிய இடம் இல்லை.

எஞ்சியிருப்பது சிம் லிம். தேக்காவில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிடம் நடந்தால் ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் எதிரெதிரே இரண்டு சிம் லிம்கள் நிற்கின்றன. 1987ல் திறந்த சிம் லிம் ஸ்குவேர் கணினிக்கும் கருவிகளுக்கும். சிம் லிம் டவர் வயர், கெப்பாசிட்டர், சால்டரிங் இரும்பு, டிரான்ஸ்ஃபார்மர் போன்ற உதிரிகளுக்கு. ஜப்பானிலிருந்து நேராக வந்த கருவிகள் 100 வோல்ட்டில் ஓடுபவை. நம் சுவரில் 230 வோல்ட். அந்தத் தலைமுறையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்க மறந்து, புது பிளேஸ்டேஷனைப் போட்ட முதல் நிமிடத்திலேயே புகையவிட்ட பையன் ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவன் இருப்பான்.

நானும் 2001ல் இந்தப் பக்கம்தான் என் முதல் சொந்த அட்டையை வாங்கினேன். அங்பாவ் காசு. 120 புளோக், பச்சை நிறம், சோனி விலையில் பாதி. உண்மையில் அது எட்டு அட்டையை ஒன்றில் திணித்தது. பொத்தானை அழுத்தினால் அடுத்த 15, மறுபடி அழுத்தினால் அதற்கடுத்த 15. ஆறே மாதத்தில் ஒரு நாள் '0' என்று காட்டியது. பிறகு எந்தப் பொத்தானுக்கும் பதில் இல்லை. மலிவான பெரிய வீட்டுக்கு ஆசைப்பட்ட எனக்கு எட்டுப் பேட்டையும் ஒரே இரவில் காலி.

இம்முறை போனபோது கேட்டது அட்டையை அல்ல, அட்டையைப் படிக்கும் வழியை. வழிகள் பல உண்டு. பிளேஸ்டேஷன் 3 காலத்தில் சோனியே யுஎஸ்பியில் செருகும் ஒரு அடாப்டர் விற்றது. பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்கள் அதிலேயே இரண்டு அட்டைகளைச் செருகி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகல் எடுக்கலாம். பிளேஸ்டேஷன் 2 பழைய ஆட்டங்களையும் ஓட்டும், பழைய அட்டையையும் ஏற்கும். என் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் தம்பி ஒருவர் மூன்றாவது வழியைச் சொன்னார். ஆர்டுவினோ என்ற சிறிய மின்பலகை, அட்டை செருகும் ஒரு பழைய துளை, ஏழெட்டு வயர். கணினியில் மெம்கார்டுரெக்ஸ் என்ற இலவச மென்பொருள். எல்லாம் சேர்த்து 30 வெள்ளிக்குள் முடிந்தது. இருவருக்கும் மதிய உணவைச் சேர்க்காமல்.

அந்தத் தம்பி பிறந்தது 2000ல். நான் எதைத் தேடுகிறேன் என்று கேட்டார். அழித்ததைத் தேடுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "அண்ணன் சேவ் ஒன்று" என்று மட்டும் சொன்னேன். "டெலீட் பண்ணதா?" என்றார். பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இத்தனை ஆண்டுகள் தெரியாமல் போன விஷயம்.

கருவி தனக்கென வைத்துக்கொள்ளும் முதல் புளோக்கை நம் புளோக்கின் கீழ்த்தளத்துத் தபால்பெட்டி வரிசைபோல நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் யார் என்ற விவரம் மட்டும் அங்கே. ஒரு சேவை அழித்தால், கருவி அந்தத் தபால்பெட்டியில் 'காலி' என்று ஒரு குறி போடும். அவ்வளவே. வீட்டுக்குள் போய்ச் சாமானை எடுத்து வெளியே போடாது. கட்டில், பீரோ, சுவரில் மாட்டிய படம் எல்லாம் அப்படியே இருக்கும், புதிதாக ஒருவர் குடிவரும்வரை.

அப்படியென்றால் 1999ல் நான் காலி செய்த மூன்று வீடுகளில் என் லீக் எத்தனையில் குடியேறியது?

அட்டையின் முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தோம். பச்சை பூக்கவில்லை, லேசான கறுப்புதான். செருகினோம். அட்டையை 128 பைட் கொண்ட 1,024 துண்டுகளாகக் கணினி படிக்கிறது. ஓர் எண் மெதுவாக ஏறிக்கொண்டே போனது. 300 அருகே ஒரு முறை நின்றபோது தம்பி வயரை அழுத்திப் பிடித்தார். மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது முறை முழுதாக வந்தது.

பதினைந்து வரிகள். அண்ணனின் ஐந்து சேவ்கள், சீராக. அக்காவின் மூன்றும் காலி, அவர் கடைசிவரை யாருக்கும் கொடுக்கவே இல்லை. அதைக் கவனித்தபோது எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. அன்று அக்காவிடம் கேட்டிருந்தால் போதும். ஆனால் ஒதுக்கீடு ஒதுக்கீடுதான் என்று நானும் நம்பியிருந்தேன்போல, எடுத்தால் பெரியவர் பங்கிலிருந்து எடுக்க வேண்டும் என்று. அதற்குக் கீழே என் காற்பந்து. இரண்டு புளோக்கில் கால் நீட்டிப் படுத்திருந்தது. அதற்கும் அடுத்து 'அழிக்கப்பட்டது' என்ற குறியுடன் ஒரு வரி. மூன்றில் இரண்டின்மேல் நான் ஏறிவிட்டேன். ஒன்று தப்பியிருக்கிறது.

மீட்டெடு என்ற இடத்தில் தட்டியதும் குட்டிப் படம் ஆடத் தொடங்கியது. தலைப்பில் ஆட்டத்தின் பெயர், சேவ் எண், அதன்பின் 43:08. நாற்பத்து மூன்று மணி, எட்டு நிமிடம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருந்தால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். அட்டையைக் கருவியில் போட்டு, 'இது ஃபார்மேட் செய்யப்படவில்லை, செய்யவா?' என்று திரை கேட்டால், 'ஆம்' சொல்லாதீர்கள். பெரும்பாலும் அது முனை அழுக்கால் வரும் கேள்வி. துடைத்துவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள். அதுவரை அந்த அட்டையில் எதையும் புதிதாகச் சேமிக்காதீர்கள். கரங்குனிக்காரருக்கோ கரோசலுக்கோ போவதற்கு முன் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். 128 கிலோபைட்தான், எந்தக் கைப்பேசியிலும் இடம் இருக்கும்.

இப்போதைய பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். என் மகளின் சேவ்கள் மேகத்தில் இருக்கின்றன. மாதச் சந்தாவும் இருக்கிறது. சந்தாவை நிறுத்திக் குறிப்பிட்ட காலம் கடந்தால் அழித்துவிடுவோம் என்று நிபந்தனையில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அழித்ததை ஆர்டுவினோ வைத்து மீட்க முடியாது. எனக்கென்னவோ 15 புளோக்கே மேல் என்று தோன்றுகிறது, வயதாகிறது போலும்.

அண்ணன் இப்போது பெர்த்தில் இருக்கிறார். சிங்கப்பூர் நேரமும் பெர்த் நேரமும் ஒன்றுதான், அதனால் பதில் வராவிட்டால் தூங்கிவிட்டார் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். கீழே எதுவும் எழுதவில்லை. நீல டிக் வந்தது. ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு வந்தது: "மத்த ரெண்டு?"

இல்லை என்றேன். என்மேல் தப்பு என்றும் எழுதினேன், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "இது பழைய சேவ்டா. கடைசி சேவ் அறுபது மணி நேரத்துக்கு மேல. இதுல இருந்து ஆரம்பிச்சா இன்னும் பதினேழு, பதினெட்டு மணி நேரம் ஆகும்" என்று மட்டும் எழுதினார். சிறிது நேரம் கழித்து இன்னொரு செய்தி. தீபாவளிக்குப் பத்து நாள் வருகிறாராம். ஆட்டத்தின் மூன்றாவது குறுவட்டு கீறல் இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

இருக்கிறது, பார்த்துவிட்டேன். வெள்ளைக் கருவியின் லென்ஸ்தான் குறுவட்டைப் படிக்க மறுக்கிறது. அக்கா வீட்டில் ஒரு பிளேஸ்டேஷன் 2 உண்டு. அம்மாவின் புது வீட்டு டிவியில் மஞ்சள் சிவப்பு வெள்ளைத் துளைகள் இல்லை, மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று வேண்டும். சனிக்கிழமை மறுபடி சிம் லிம் போகிறேன். அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், அந்தப் பத்து நாள் சுவர் சுவிட்சைத் தொடக்கூடாதென்று.